270 எந்த வரியில் வந்தது? அமெரிக்கத் தேர்தலுக்கு நான் போட்ட ஒரு ஷீட்

மச்சினன் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறான். 2024 அதிபர் தேர்தல் முடிந்த வாரம் வீடியோ காலில் வந்தவன், "அத்தான், எங்க ஊரு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கந்தான் அமெரிக்கா" என்றான்.

"2020-ல தப்புச்சே மாப்ளே? ஒஹையோ டிரம்ப்புக்குப் போச்சு, ஜெயிச்சது பைடன்."

"அது ஒரே ஒரு தடவை. தேர்தலை முடிவு பண்றதே நாங்கதான் அத்தான்."

இரண்டும் ஒரே பேச்சு இல்லையே என்று எனக்கு உறுத்தியது. ஜெயிக்கிற பக்கமே எப்போதும் நிற்பது ஒன்று. ஜெயிக்க வைப்பது வேறு. அந்த நேரத்தில் அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். வாயால் ஜெயிக்க முடியாததை ஷீட்டில் போட்டுப் பார்த்துவிடுவது வழக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போனது. எங்கெங்கே இடறினேன் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன், இதே வேலையைச் செய்யப்போகிறவருக்கு நேரம் மிச்சமாகும்.

மென்பொருள் லிப்ரே ஆபீஸ் கேல்க். எக்செல்லிலும் இதே வேலைதான். வாக்கு எண்ணிக்கை அமெரிக்காவின் ஃபெடரல் தேர்தல் ஆணையம் வெளியிடுவது. தேர்வாளர் (மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்குப் போடுகிறவர்) எண்ணிக்கை அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. 50 மாநிலம், அதோடு தலைநகர் வாஷிங்டன் டி.சி., ஆக 51 வரி. 2000 முதல் 2024 வரை ஏழு தேர்தலுக்கு ஏழு ஷீட்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். அங்கே மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 கிடைத்தால் அதிபர். ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் எல்லோரும் அவருக்கே. இரண்டு மாநிலங்கள் மட்டும் விலக்கு. என்னைக் கவிழ்த்ததே அந்த இரண்டும்தான், பிறகு வருகிறேன். ஜெயித்தவருக்கு எங்கே முன்னிலை சதவீதம் அதிகமோ அந்த மாநிலத்தை மேலே வைத்து, இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். மேலிருந்து தேர்வாளர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். படியில் அரிசியைப் பிடி பிடியாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்தப் பிடியில் படி நிறைகிறது என்று பார்ப்பதுபோல. 270 எந்த வரியில் நிறைகிறதோ, அதுதான் டிப்பிங் பாயிண்ட் மாநிலம்.

முதலில் 2004-ஐ எடுத்தேன். ஜெயித்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு 286, தேர்தல் ஒஹையோவில்தான் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. சோம்பேறித்தனத்தில் வாக்குகளிலிருந்து சதவீதம் போடாமல், ஒரு அட்டவணையில் தயாராக இருந்த முன்னிலை சதவீதத்தை அப்படியே ஒட்டினேன். புஷ் தோற்ற இடங்களில் கழித்தல் குறி இருந்தது. இறங்கு வரிசையில் அடுக்கினேன். விடை: ஓக்லஹோமா.

ஓக்லஹோமா! அந்தத் தேர்தலில் அங்கே உள்ள 77 கவுன்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) புஷ்தான் ஜெயித்தார். போட்டியே இல்லாத மாநிலம். மேலே ஏறிப் பார்த்தால் முதல் 20 வரியிலும் மாசசூசெட்ஸ், நியூயார்க், கலிஃபோர்னியா என்று எதிர்த்து நின்ற ஜான் கெர்ரி ஜெயித்த இடங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காரணம் தெரிய அரை மணி நேரம் ஆனது. அந்த அட்டவணையில் இருந்தது நாம் விசைப்பலகையில் தட்டும் சின்னக் கோடு இல்லை. கழித்தல் குறி மாதிரியே தெரிகிற, அச்சில் போடும் நீளமான கோடு. கேல்க் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக எடுத்துக்கொண்டது. இறங்கு வரிசையில் எழுத்தெல்லாம் எண்ணுக்கு மேலே போய்விடும். கெர்ரியின் 252 முதலில் சேர்ந்து, அதன் கீழே யூட்டா, வயோமிங், ஐடஹோ, நெப்ராஸ்கா வரும்போது 269. அடுத்த வரி ஓக்லஹோமா. ஷீட் கூட்டியதில் தப்பே இல்லை, நான் கொடுத்த சரக்குதான் கெட்டது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. எண்ணாக இருந்தால் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக இருந்தால் இடது ஓரம். நான்தான் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் தள்ளி வைத்து அந்தத் தடயத்தை அழித்திருந்தேன். ஒட்டிய சதவீதங்களை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, வாக்கு எண்களை மட்டும் வைத்து நானே வகுத்தேன். வகுக்கும்போது இரண்டு பெரிய கட்சிகளின் வாக்கை மட்டும் கூட்டி வகுக்காமல், பதிவான மொத்த வாக்கால் வகுத்தேன். எது சரி என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றுதான், ஏழு ஷீட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும். இப்போது 2004-க்கு ஒஹையோ வந்தது. 1,18,601 வாக்கு வித்தியாசம், 2.1%.

அடுத்த இடறல் 2000-ல். புஷ்ஷுக்கு 271 வரவேண்டிய இடத்தில் 278 வந்தது. இதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் தப்பு என்னுடையதே: எல்லா ஆண்டுக்கும் ஒரே தேர்வாளர் அட்டவணையிலிருந்து எடுக்கும்படி சூத்திரம் போட்டிருந்தேன். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் இந்த எண்கள் மாறும். பென்சில்வேனியா 2000-ல் 23, அடுத்த இரண்டு தேர்தலில் 21, அப்புறம் 20, 2024-ல் 19. ஃப்ளோரிடா அதற்கு நேர்மாறு: 25, 27, 29, 30. ஆண்டுக்கேற்ற நான்கு அட்டவணை போட்டதும் 271 வந்தது. ஃப்ளோரிடாவில் 270 தாண்டியது, வித்தியாசம் 537 வாக்கு.

அதே ஷீட்டில் அடியில் ஒரு சரிபார்ப்புக் கட்டம் வைத்திருந்தேன், மொத்தம் 538 வருகிறதா என்று. தேர்வாளர்கள் உண்மையில் போட்ட வாக்கை ஒட்டியபோது 2000-க்கு 537 காட்டியது. டி.சி.யிலிருந்து வந்த ஒரு தேர்வாளர் வாக்கைக் காலியாக விட்டிருந்தார். 2016-ல் டிரம்ப், ஹிலாரி கிளின்டன் இரண்டு பேரின் எண்ணையும் கூட்டினால் 531தான்; ஏழு பேர் வேறு யார் யாருக்கோ போட்டிருந்தார்கள். இப்படிக் கட்சி சொன்னபடி போடாதவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மக்கள் வாக்கில் எந்த மாநிலம் யாருக்குப் போனதோ அதுதான் எனக்கு வேண்டும். 2016-ல் இந்த முடிவு விடையையே மாற்றும் என்பது அப்போது தெரியாது.

இப்போது 2016. டிரம்ப் ஜெயித்த மாநிலங்களில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தவை மூன்று: மிச்சிகன் 10,704 வாக்கு, பென்சில்வேனியா 44,292, விஸ்கான்சின் 22,748. சதவீதத்தில் முறையே 0.23, 0.72, 0.77. அதனால் வரிசையில் விஸ்கான்சின், பென்சில்வேனியா, மிச்சிகன் என்று இந்த மூன்றும் கடைசியில் வரும். என் ஷீட் சொன்னது பென்சில்வேனியா. நான் முன்பு படித்ததெல்லாம் விஸ்கான்சின். விஸ்கான்சின் வரியில் கூட்டுத்தொகையைப் பார்த்தேன்: 269.

ஒன்று குறைகிறது. 51 வரியில் எங்கேயோ ஒரு தேர்வாளரைத் தொலைத்திருக்கிறேன். மொத்தம் 538 சரியாக இருக்கிறது, அப்படியென்றால் தொலையவில்லை, எதிர்க்கட்சிப் பக்கம் போயிருக்கிறது. அந்த இரண்டு விலக்கு மாநிலங்கள்! மெயினும் நெப்ராஸ்காவும் தேர்வாளர்களைப் பிரித்துக் கொடுப்பவை. மாநிலம் முழுக்க ஜெயித்தவருக்கு இரண்டு, அதன்பிறகு காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மெயின் 1972-லிருந்து, நெப்ராஸ்கா 1992-லிருந்து இப்படி. 2016-ல் மெயின் மாநிலம் ஹிலாரி கிளின்டனுக்குப் போனது, ஆனால் அதன் இரண்டாம் தொகுதி டிரம்ப்புக்கு. நான் நான்கையும் கிளின்டன் கணக்கில் எழுதியிருந்தேன். டிரம்ப்புக்கு 306 வரவேண்டும், என்னிடம் 305. காடும் ஏரியும் கிராமமுமாகக் கிடக்கிற மெயினின் ஒரு தொகுதி, ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருக்கும் விஸ்கான்சினின் பட்டத்தைப் பறித்துப் பென்சில்வேனியாவுக்குக் கொடுத்துவிட்டது.

மெயினை மூன்று வரி, நெப்ராஸ்காவை நான்கு வரி என்று பிரித்தேன். 51 வரி 56 ஆனது. விஸ்கான்சின் வரியில் சரியாக 270, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. இங்கேதான் அந்த ஏழு பேர் விவகாரமும் வந்து நிற்கிறது: அவர்களில் இரண்டு பேர் டெக்சாஸில் டிரம்ப் சார்பில் வந்தவர்கள். உண்மையில் விழுந்த 304-ஐ வைத்துப் போட்டால் விஸ்கான்சினில் 268தான் வரும், பட்டம் மறுபடியும் பென்சில்வேனியாவுக்கு. எதை எண்ணுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

மற்ற ஷீட்டுகள் சண்டை போடாமல் வந்தன. ஏழும் சேர்ந்து இப்படி: 2000 ஃப்ளோரிடா, 2004 ஒஹையோ, 2008-லும் 2012-லும் கொலராடோ, 2016-லும் 2020-லும் விஸ்கான்சின், 2024 பென்சில்வேனியா. 2012-ல் கொலராடோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே 0.1 புள்ளிகூட இடைவெளி இல்லை.

2012 எனக்குப் பிடித்த ஷீட். அன்று இரவு எல்லாத் தொலைக்காட்சியும் ஒஹையோவுக்காகக் காத்துக்கிடந்தது. ஒஹையோ ஒபாமாவுக்கு என்று ஃபாக்ஸ் நியூஸ் அறிவித்ததும், அதே சேனலில் உட்கார்ந்திருந்த குடியரசுக் கட்சி வியூக வல்லுநர் கார்ல் ரோவ் நேரலையிலேயே மறுத்துப் பேசினார். ஷீட்டில் ஒபாமாவின் 332-இலிருந்து ஃப்ளோரிடாவின் 29-ஐயும் ஒஹையோவின் 18-ஐயும் கழித்துப் பார்த்தேன்: 285. வர்ஜீனியாவின் 13-ஐயும் கழித்தால் 272. அப்போதும் ஒபாமாதான் அதிபர். அந்தச் சண்டை நடந்த மாநிலம் இல்லாமலே காரியம் முடிந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ஜெயித்தவர் பக்கமிருந்து கூட்டுகிறோம், தோற்றவர் பக்கமிருந்து கூட்டினாலும் அதே மாநிலம்தானே வரவேண்டும்? வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஐந்து ஷீட்டில் அதே விடை. 2008-லும் 2020-லும் மட்டும் வேறு.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ப்பிடம் 232. அவர் மிகக் குறைவாகத் தோற்ற ஜார்ஜியாவின் 16-ஐக் கொடுத்தால் 248, அரிசோனாவின் 11 சேர்ந்தால் 259, விஸ்கான்சினின் 10 சேர்ந்தால் 269. இன்னும் ஒன்று வேண்டும், அதற்குப் பென்சில்வேனியா வரை போகவேண்டும். பைடன் பக்கமிருந்து பார்த்தால் விஸ்கான்சின் இல்லாமல் அவருக்கும் 269தான். ஆக விஸ்கான்சின் மாறியிருந்தால் 269-269 சமநிலை. சமநிலை என்றால் அதிபரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். அங்கே தலைக்கு ஒரு வாக்கு கிடையாது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு, 26 வேண்டும். 2021 ஜனவரியில் பெரும்பான்மை மாநிலக் குழுக்கள் குடியரசுக் கட்சி கையில் இருந்தன. அதனால் நடைமுறையில் விஸ்கான்சின் என்று எழுதிவைத்தேன். 2008-லும் இதே 269 கதை: ஒபாமா பக்கமிருந்து கொலராடோ, மெக்கெய்ன் பக்கமிருந்து அயோவா. பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்து இரண்டு விடையையும் வைத்துவிட்டேன்.

இன்னொரு பத்தியும் சேர்த்தேன், அதுதான் இந்த வேலையிலேயே உருப்படியானது. டிப்பிங் பாயிண்ட் மாநிலத்து வித்தியாசத்துக்கும் நாட்டு மொத்த வாக்கு வித்தியாசத்துக்கும் எவ்வளவு தூரம்? 2012-ல் நாடு முழுக்க ஒபாமாவுக்கு 3.9% முன்னிலை, கொலராடோவில் 5.4. அதாவது நாடு முழுக்க ஒன்றரைப் புள்ளி நழுவியிருந்தாலும் தாங்குகிற அளவுக்கு அவர் பக்கம் மெத்தை இருந்தது. 2020-ல் அப்படியே தலைகீழ். நாடு முழுக்க பைடனுக்கு 4.5% முன்னிலை, சுமார் 70 லட்சம் வாக்கு, விஸ்கான்சினில் 0.63%, வெறும் 20,682 வாக்கு. கிட்டத்தட்ட நான்கு புள்ளி அவருக்கு எதிராகச் சாய்ந்த மேடை. 2024-ல் அந்தச் சாய்வு ஏறக்குறைய காணாமல் போனது: நாடு முழுக்க டிரம்ப்புக்கு 1.5, பென்சில்வேனியாவில் 1.7. எட்டு ஆண்டாக எல்லோரும் பேசிய சாய்வு ஒரே தேர்தலில் கரைந்துபோனதை இந்தப் பத்தியைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

சரி, மச்சினனின் முதல் பேச்சுக்கு வருவோம். அதற்குப் பெயர் பெல்வெதர். வெதர் என்றால் காயடித்த செம்மறிக் கிடா. முன்னால் போகிற கிடாவுக்கு மணி கட்டிவிட்டால், மணிச் சத்தம் எங்கேயோ அங்கேதான் மந்தை. நம் ஊர்க் கீதாரிகளுக்கும் இது புதிதில்லை. ஆனால் கிடா மந்தையை நடத்துகிறதா, மந்தையோடு சேர்ந்து போகிறதா?

இதற்குத் தனி ஷீட். 1912 முதல் 2024 வரை 29 தேர்தல். ஜெயித்தவருக்கே போட்டிருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நான்கு மாநிலத்துக்குத்தான் பொறுமை இருந்தது. நெவாடா 27: தப்பியது 1976-லும் 2016-லும் மட்டும். ஒஹையோ 26: தப்பியவை 1944, 1960, 2020. மிசூரியும் நியூ மெக்சிகோவும் 25. இவற்றில் பெரிய பெயர் மிசூரிக்கு. 1904 முதல் 2004 வரை நூறு ஆண்டில் ஒரே ஒரு தடவை, 1956-ல்தான் தப்பியது. அப்புறம் 2008-ல் மெக்கெய்ன் அங்கே 3,903 வாக்கில் ஜெயித்தார், அதோடு சரி. இன்று அதை யாரும் ஊசலாடும் மாநிலம் என்றுகூடச் சொல்வதில்லை. 1952-லிருந்து 1996 வரை தப்பாமல் வந்த டெலவேரும் 2000-ல் விழுந்தது. அதற்கெல்லாம் மூத்தது மெயின். மெயின் போகும் வழியில்தான் நாடு போகும் என்று ஒரு சொலவடையே இருந்தது. 1936-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் மெயினிலும் வெர்மான்ட்டிலும் மட்டும் ஜெயித்தார். மெயின் போகும் வழியில் வெர்மான்ட் போகிறது என்று ரூஸ்வெல்ட்டின் தேர்தல் வேலையைப் பார்த்த ஜிம் ஃபார்லி கிண்டலடித்தார்.

ஒஹையோ வரியில் பக்கத்திலேயே நாட்டு வித்தியாசத்தோடு ஒப்பிடும் பத்தியையும் வைத்தபோதுதான் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. 2012-ல் ஒஹையோ நாட்டோடு ஒரு புள்ளிக்குள் இருந்தது. 2016-ல் நாடு முழுக்க கிளின்டனுக்கு 2 புள்ளி முன்னிலை, ஒஹையோவில் டிரம்ப்புக்கு 8. பத்துப் புள்ளி விலகிவிட்டது. ஆனால் டிரம்ப் தேர்வாளர் கணக்கில் ஜெயித்ததால் ஒன்று-பூஜ்ஜியம் பத்தியில் அந்த ஆண்டுக்கும் 1தான். கிடா மந்தையை விட்டு எப்போதோ போய்விட்டது, மணிச் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

கடைசி ஞாயிறு சும்மா ஒரு விளையாட்டு. அமெரிக்காவில் மூவாயிரத்துச் சொச்சம் கவுன்டிகள். 1980 முதல் 2016 வரை பத்துத் தேர்தலிலும் ஜெயித்தவருக்கே போட்ட கவுன்டிகள் 19 இருந்தன, செய்தியாளர்கள் அங்கெல்லாம் படையெடுத்தார்கள். நான் 3,100 வரி, பத்து பத்தி எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் பூவா தலையா போடும் சூத்திரத்தை எழுதினேன். பத்தும் 1 வருகிற வரி எத்தனை என்று எண்ணினேன். மூன்று. எஃப்9 பொத்தானை அழுத்தினால் எல்லா நாணயமும் புதிதாகச் சுண்டப்படும்: ஐந்து, இரண்டு, மூன்று, ஒன்று, நான்கு. கவுன்டியே இல்லை, மக்களே இல்லை, அப்படியும் ஒவ்வொரு தடவையும் சில வரிகள் ஞானிகள்போல வந்து நின்றன. நிஜத்தில் 19 வந்ததற்கும் காரணம் உண்டு: 1984-ல் ரீகன் 49 மாநிலம் ஜெயித்தார். அந்த மாதிரி ஆண்டில் சரியாகச் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அந்த 19-ல் 2020-லும் தப்பாதது ஒன்றே ஒன்று, வாஷிங்டன் மாநிலத்து க்லாலம் கவுன்டி. 2024-ல் அதுவும் தோற்ற கமலா ஹாரிஸுக்குப் போட்டுத் தன் வரிசையை முடித்துக்கொண்டது. இந்தியானாவின் வீகோ கவுன்டி 1956-லிருந்து 2016 வரை தப்பாமல் வந்தது, அதுவும் 2020-ல் போனது.

கோப்பை மச்சினனுக்கு அனுப்பினேன். 2028-க்கும் ஒரு ஷீட் சேர்த்திருந்தேன், 2024-ன் தேர்வாளர் எண்களே அதற்கும் பொருந்தும். 56 வரியும் காலி, சரிபார்ப்புக் கட்டத்தில் 538 மட்டும் நிற்கிறது. 2024 ஷீட்டில் ஒஹையோ டிரம்ப்புக்கு 11 புள்ளி, பென்சில்வேனியாவிலிருந்து வெகு தூரம் மேலே என்பதையும் குறிப்பில் எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. 2004 ஷீட்டில் ஒஹையோ வரி முழுக்க மஞ்சள் பூசியிருந்தான். பக்கத்துக் கட்டத்தில், "சொன்னேன்ல அத்தான்". மற்ற ஆறு ஷீட்டையும் அவன் தொடவே இல்லை.